இப்போது வாங்கலாமா, புதியது வரும்வரை காத்திருக்கலாமா?

மாணவர்களே, ஒரு காட்சியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். சுங்கை பட்டாணியில் ஒரு கடைவீட்டின் மாடியில் உங்கள் மாமா வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கும் சிறிய அலுவலகம் நடத்துகிறார். மேசையில் இருக்கும் கணினிக்கு ஏழு வயது. வரைந்த வீட்டை முப்பரிமாணப் படமாக மாற்றச் சொன்னால் அது முனகிக்கொண்டே கிடக்கிறது. மாமா காப்பி குடித்துவிட்டு வந்தாலும் வேலை முடிவதில்லை.

புதிய கணினி வாங்கப் பணம் சேர்த்துவிட்டார். கடைக்குப் போகும் நேரத்தில் ஒரு செய்தி வருகிறது: இன்னும் ஆறு மாதத்தில் இதைவிட வேகமான புதிய மாடல் வரப்போகிறது. மாமா உங்களைக் கூப்பிடுகிறார். "நீதான் கம்ப்யூட்டர் எல்லாம் படிக்கிறியே, சொல்லு. இப்பவே வாங்கிடவா, இல்ல ஆறு மாசம் பொறுக்கவா?"

நீங்கள் என்ன சொல்வீர்கள்? "புதுசு நல்லா இருக்கும், பொறுங்க மாமா" என்பது ஒரு பதில். "கம்ப்யூட்டர்னா எப்பவும் புதுசு வந்துக்கிட்டேதான் இருக்கும், வாங்கிடுங்க" என்பது இன்னொன்று. இரண்டுமே ஊகம்தான். இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் காண முடியும். படிவம் மூன்று கணிதம் போதும்.

தாத்தா காலத்துத் தோட்டத்திலும் இதே கேள்வி

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது கணினியோடு பிறந்த கேள்வி அல்ல. பீடோங், லூனாஸ், பாடாங் செராய், கோல கெட்டில் வட்டாரங்களில் உங்கள் தாத்தா பாட்டி பால் வெட்டிய தோட்டங்களில் நிர்வாகிகள் இதே கேள்வியோடு பல ஆண்டுகள் போராடினார்கள்.

பால்மரத்துக்கு வயதானால் பால் குறையும். வெட்டிச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்ய வேண்டும். ஆனால் புதுக்கன்று பால் கொடுக்க ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த நிலத்தில் வருமானம் இல்லை. பால் கொடுக்கத் தொடங்கினால் இருபது ஆண்டுகளுக்கு மேல் கொடுக்கும். இதற்கிடையில், 1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் மேலும் மேலும் நல்ல ஒட்டு ரகங்களை வெளியிட்டுக்கொண்டே இருந்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகம் தோட்டமெங்கும் பரவியது. பின்னர் 2000 வரிசை ரகங்கள் வந்தன.

இன்று கிடைக்கும் ரகத்தை நட்டால், நாளை வரும் நல்ல ரகம் இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் கைநழுவிவிடும். நாளைய ரகத்துக்காகக் காத்திருந்தால், கிழட்டு மரத்தின் குறைந்த பாலோடு ஆண்டுகள் ஓடிவிடும். மாமாவின் சிக்கல் அப்படியே இதுதான். தோட்டங்கள் இதற்குக் கண்ட தீர்வை இந்தக் கட்டுரையின் முடிவில் பார்ப்போம்.

ஒர்க்ஸ்டேஷன் என்றால் என்ன?

மாமா வாங்க நினைப்பது வீட்டுக் கணினி அல்ல. ஒர்க்ஸ்டேஷன் எனப்படும் தொழில்முறைக் கணினி. வெளியில் பார்த்தால் இரண்டும் பெட்டிதான். உள்ளே மூன்று வேறுபாடுகள் உண்டு.

முதலாவது, நாள் முழுக்கக் கடும் வேலை செய்தாலும் சூடேறி வேகம் குறையாதபடி அமைத்த மின்வழங்கியும் குளிர்விப்பும். இரண்டாவது, பிளான் வரையும் மென்பொருள் இந்தப் பெட்டியில் ஒழுங்காக ஓடும் என்று மென்பொருள் நிறுவனமே சோதித்துத் தரும் சான்று. மூன்றாவதுதான் அறிவியலுக்குச் சுவையானது: தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் நினைவகம்.

கணினியின் நினைவகத்தில் எல்லாமே 0, 1 என்ற இரண்டு இலக்கங்கள்தான். விண்வெளியிலிருந்து வரும் கதிர்த்துகள் ஒன்று மோதினாலோ, மின்னழுத்தம் சற்றே தடுமாறினாலோ, ஒரு 0 திடீரென 1 ஆகிவிடலாம். பாட்டுக் கேட்கும்போது இது நடந்தால் ஒன்றும் தெரியாது. தூணின் அகலத்தைக் குறிக்கும் எண்ணில் நடந்தால்?

இதைத் திருத்துவது எப்படி? ஒரு தாளில் மூன்று வரிசை, மூன்று நெடுவரிசை உள்ள கட்டம் போட்டு, விருப்பப்படி 0, 1 எழுதுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் உள்ள 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படை ஆகும்படி, ஓரத்தில் ஒரு 0 அல்லது 1 சேர்த்து எழுதுங்கள். நெடுவரிசைகளுக்கும் அப்படியே கீழே எழுதுங்கள். இப்போது நண்பரிடம் கொடுத்து, கட்டத்துக்குள் ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். எந்த வரிசை ஒற்றைப்படை ஆனது, எந்த நெடுவரிசை ஒற்றைப்படை ஆனது என்று பாருங்கள். இரண்டும் சந்திக்கும் இடம்தான் மாறிய இடம். அதைத் திருப்பி மாற்றினால் பழைய எண் கிடைத்துவிடும்.

இதே எண்ணத்தின் நுட்பமான வடிவத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை செய்த ரிச்சர்ட் ஹேமிங் 1950-இல் வெளியிட்டார். வார இறுதியில் அவர் கொடுத்துவிட்டுப் போகும் கணக்குகளைப் பழைய கணிப்பொறி ஒரு பிழை கண்டதுமே கைவிட்டுவிடும். "பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பொறிக்கு அதைத் திருத்தத் தெரியக்கூடாதா?" என்று எழுந்த எரிச்சலில் பிறந்த கண்டுபிடிப்பு அது. இன்று ஒர்க்ஸ்டேஷன்களில் வழக்கமாக 64 இலக்கத் தரவுக்கு 8 காவல் இலக்கங்கள் சேர்த்து 72 இலக்கங்களாகச் சேமிக்கிறார்கள்.

புதியது ஏன் வந்துகொண்டே இருக்கிறது?

1965-இல் கோர்டன் மூர் என்ற வேதியியல் அறிஞர் ஒரு சஞ்சிகையில் எழுதினார்: ஒரு சில்லில் பொருத்தும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பாகி வருகிறது. 1975-இல் அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை எனத் திருத்தினார். மூர் விதி என்று நாம் படிப்பது இதுதான். அவரும் ராபர்ட் நோய்ஸும் 1968-இல் தொடங்கிய இன்டெல் நிறுவனம் 1972-இல் பினாங்கில் ஆலை திறந்தது. பிறகு கூலிமுக்கும் வந்தது.

1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவை உங்களில் பலர் பஸ்ஸில் கடந்து போயிருப்பீர்கள். உங்கள் அக்காவோ சித்தப்பாவோ கம்பெனி பஸ் ஏறி அங்கே ஷிப்ட் வேலைக்குப் போகலாம். மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் சில்லுகளை இன்பினியன் அங்கே தயாரிக்கிறது. பிராசசர் சில்லைத் தாங்கி நிற்கும் நுண்மையான அடித்தட்டுகளைச் செய்ய ஏடி அண்ட் எஸ் என்ற ஆஸ்திரிய நிறுவனம் 2024-இல் ஆலை திறந்தது. ஏஎம்டி நிறுவனம் அதன் வாடிக்கையாளர்.

இதை எதற்காகச் சொல்கிறேன்? ஒரு புதிய கணினி அறிவிப்புக்கும் விற்பனைக்கும் இடையில் இவ்வளவு நாள் ஏன் ஆகிறது என்று புரிவதற்காக. சிலிக்கான் வில்லை பல நூறு படிகளைக் கடந்து சில்லாக மாற ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. பிறகு அதை வெட்டி, அடித்தட்டில் பொருத்தி, சோதிக்க வேண்டும். அதன் பின்தான் கணினி நிறுவனம் அதைப் பெட்டியில் வைத்துச் சோதிக்கும். மென்பொருள் சான்று வாங்கும். ஒர்க்ஸ்டேஷன்களுக்கு இந்தக் கடைசிப் படி நீளமானது. இந்தச் சங்கிலியில் எங்கே ஒரு கண்ணி தடுமாறினாலும் தேதி தள்ளிப்போகும்.

சும்மா இருப்பவர்களின் கணக்கு

காத்திருப்பது சில நேரம் உண்மையிலேயே லாபம். இதை அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழக வானியல் துறையைச் சேர்ந்த சிலர் 1999-இல் பாதி வேடிக்கையாகவும் பாதி உண்மையாகவும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட ஊகம்: கணினி வேகம் 18 மாதத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது. இப்போது ஒரு பெரிய கணக்கீடு இருக்கிறது. இன்றைய கணினியில் அது 48 மாதம் ஓட வேண்டும். இன்றே தொடங்கினால் 48 மாதத்தில் முடியும். 18 மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, இரு மடங்கு வேகமான கணினி வாங்கித் தொடங்கினால்? 24 மாதத்தில் முடிந்துவிடும். 18 + 24 = 42. சும்மா இருந்தவர் ஆறு மாதம் முந்திவிட்டார்!

ஆனால் 12 மாத வேலைக்கு இதைச் செய்து பாருங்கள். 6 மாதம் காத்திருந்தால் வேகம் ஏறத்தாழ 1.26 மடங்கு ஆகும். 12 ÷ 1.26 = 9.5. மொத்தம் 15.5 மாதம். இங்கே காத்திருந்தவர் தோற்றார். இரண்டுக்கும் இடையில் எல்லைக்கோடு எங்கே? அவர்களின் விடை: 26 மாதம். அதைவிடக் குறைவான வேலை என்றால் உடனே தொடங்கு. கூடுதலான வேலை என்றால் காத்திருப்பதில் பொருள் உண்டு.

இன்று வேகம் அவ்வளவு விரைவாக இரட்டிப்பாவதில்லை. இரட்டிப்பாக 36 மாதம் ஆகிறது என்று வைத்தால், எல்லைக்கோடும் இரு மடங்காகி 52 மாதம் ஆகிவிடும். அதாவது, முன்னேற்றம் மெதுவாகும்போது காத்திருப்பதன் லாபமும் குறைகிறது.

மாமாவிடம் 26 மாதம் ஓடும் வேலை எதுவும் இல்லை. அவருடைய வேலைகள் அரை மணி, ஒரு மணி நேர வேலைகள். அப்படியென்றால் உடனே வாங்கிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். வானியலார்க்கு ஒரே ஒரு பெரிய வேலை. மாமாவுக்குத் தினமும் சின்னச் சின்ன வேலை. ஆனால் வாங்கிய கணினியோடு ஐந்து ஆண்டு வாழ வேண்டும். அவருக்குத் தனிக் கணக்கு தேவை.

மாமாவின் கணக்கு

சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம். பழைய கணினியில் மாமா நாளொன்றுக்கு 3 மணி நேரம் படம் உருவாகக் காத்திருக்கிறார். இன்று கடையில் உள்ள புதிய கணினியில் அது ஒன்றரை மணி ஆகும். ஆறு மாதத்தில் வரும் மாடல் அதைவிட 20 விழுக்காடு வேகம். 1.5 ÷ 1.2 = 1.25, அதாவது ஒன்றேகால் மணி. மாதத்துக்கு 25 வேலைநாள். இன்றிலிருந்து 60 மாதத்தைக் கணக்கில் எடுப்போம்.

இன்றே வாங்கினால்: 60 × 25 × 1.5 = 2,250 மணி நேரம் காத்திருப்பு.

ஆறு மாதம் பொறுத்தால்: முதல் ஆறு மாதம் பழைய கணினியோடு 6 × 25 × 3 = 450 மணி. மீதி 54 மாதம் புதிய மாடலோடு 54 × 25 × 1.25 = 1,687.5 மணி. மொத்தம் 2,137.5 மணி.

வியப்பாக இருக்கிறதா? பொறுத்தவருக்கு 112.5 மணி நேரம் மிச்சம்! ஆனால் அந்த லாபம் எப்போது கைக்கு வருகிறது என்று பாருங்கள். காத்திருந்த ஆறு மாதத்தில் தினமும் ஒன்றரை மணி வீதம் 225 மணியை அவர் இழக்கிறார். பிறகு தினமும் கால் மணி வீதம் திரும்பப் பெறுகிறார். 225 ÷ 0.25 = 900 வேலைநாள். அதாவது 36 மாதம். இழந்ததை ஈடுகட்டவே புதிய மாடல் வாங்கி மூன்று ஆண்டு ஆகிவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் லாபம்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். புதிய மாடல் மூன்று மாதம் தாமதமாகி, ஒன்பதாம் மாதம் வருகிறது. 9 × 25 × 3 = 675. மீதி 51 மாதம்: 51 × 25 × 1.25 = 1,593.75. மொத்தம் 2,268.75 மணி. இன்றே வாங்கியிருந்தால் 2,250. லாபம் நட்டமாகிவிட்டது. மூன்று மாதத் தாமதம் மொத்த விடையையும் புரட்டிப் போட்டுவிட்டது. இந்தக் கணக்கில் நாம் கண்ட முக்கியமான உண்மை இதுதான்.

20 விழுக்காடு எங்கே போனது?

இன்னொன்றையும் கவனியுங்கள். விளம்பரம் 20 விழுக்காடு வேகம் என்கிறது. மாமாவின் வேலைநாள் எவ்வளவு சுருங்குகிறது? பழைய கணினியில் அவர் நாள் 8 மணி நேரம்: 3 மணி கணினிக்காகக் காத்திருப்பு, 5 மணி தானே வரைவதும் வாடிக்கையாளரோடு பேசுவதும். இன்றைய கணினி வாங்கினால் 5 + 1.5 = 6.5 மணி. வரப்போகும் மாடலில் 5 + 1.25 = 6.25 மணி. 6.5-ஐ 6.25-ஆல் வகுத்தால் 1.04. பெட்டியில் 20 விழுக்காடு என்றது, மாமாவின் நாளில் வெறும் 4 விழுக்காடாக இளைத்துவிட்டது!

1967-இல் ஜீன் ஆம்டால் என்ற கணினிப் பொறியியலாளர் சுட்டிக்காட்டிய விதியின் சாரம் இது. ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால், வேகப்படாத பகுதி உங்களைப் பிடித்து இழுக்கும். கண் இமைக்கும் நேரத்தில் படம் தரும் மாயக் கணினியே வந்தாலும், மாமாவின் நாள் 5 மணிக்குக் கீழே இறங்காது.

இதை அறிந்தால் ஒரு செலவில்லாத வழியும் தெரியும். படம் உருவாக்கும் வேலையை இரவில் ஓடவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், அந்த 3 மணியில் பெரும்பகுதி மாமாவைத் தொடவே தொடாது. ஆனால் வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "அந்தச் சுவரை நகர்த்திக் காட்டுங்க" என்றால் இரவுவரை காத்திருக்க முடியாது. எந்த வேலை பொறுக்கும், எது பொறுக்காது என்பதை மாமாதான் சொல்ல வேண்டும்.

சொன்ன தேதி, சொன்ன விலை

தாமதம் எவ்வளவு நடக்கக்கூடியது? மூன்று நிகழ்வுகளைப் பாருங்கள்.

ஆப்பிள் நிறுவனம் 2013 டிசம்பரில் மேக் புரோ என்ற ஒர்க்ஸ்டேஷனை வெளியிட்டது. சில ஆண்டுகளில் அது பழசாகிவிட்டது. அடுத்தது வரும், வரும் என்று படத்தொகுப்பாளர்களும் இசைக்கலைஞர்களும் காத்திருந்தார்கள். 2017 ஏப்ரலில், புதியதைத் திட்டமிடுகிறோம், ஆனால் இந்த ஆண்டு வராது என்று நிறுவனமே சொன்னது. அது விற்பனைக்கு வந்தது 2019 டிசம்பரில். முழுதாக ஆறு ஆண்டுகள்.

என்விடியா நிறுவனம் 2025 ஜனவரியில் மேசைமேல் வைக்கும் ஒரு சிறிய செயற்கை நுண்ணறிவுக் கணினியை அறிவித்தது. மே மாதம் வரும், விலை 3,000 அமெரிக்க டாலரில் தொடங்கும் என்றது. டிஜிஎக்ஸ் ஸ்பார்க் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது அக்டோபரில். விலை 3,999 டாலர்.

மூன்றாவது நிகழ்வு விற்பவரின் பக்கம். 1981-இல் ஆஸ்பர்ன் நிறுவனம் கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணினியை 1,795 டாலருக்கு விற்றுப் பெரும் பெயர் பெற்றது. எடை ஏறத்தாழ 11 கிலோ! 1983-இல் அடுத்த மாடல்களைப் பற்றிய பேச்சு முன்கூட்டியே வெளியே வந்தது. வாங்க இருந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். கடைகளில் பழைய மாடல் தேங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் நொடித்துப்போனது. போட்டி முதலிய வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் முன்கூட்டிய அறிவிப்பு விற்பனையைக் கெடுப்பதற்கு இன்றுவரை "ஆஸ்பர்ன் விளைவு" என்றே பெயர். அதனால்தான் பல நிறுவனங்கள் அடுத்த மாடலைப் பற்றிக் கடைசிவரை வாய் திறப்பதில்லை.

விலை குறையும் என்பது உறுதியா?

"பொறுத்தால் விலை இறங்கும்" என்பார்கள். பெரும்பாலும் இறங்கும், எப்போதும் அல்ல. 2011-இல் நம் அண்டை நாடான தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. உலகுக்குத் தேவையான வன்தட்டுகளில் பெரும்பங்கு அங்கே செய்யப்பட்டது. ஆலைகள் நீரில் மூழ்கின. சில வாரங்களில் வன்தட்டு விலை பல இடங்களில் இரு மடங்கானது. 2025-இன் கடைசி மாதங்களில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அவற்றை மொத்தமாக வாங்கியதே காரணம்.

நம் வெள்ளியின் மதிப்பும் இதில் விளையாடும். கணினி உறுப்புகளின் விலை டாலரில் பேசப்படுகிறது. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் ஏறத்தாழ 4.80 வெள்ளி. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஏறத்தாழ 4.12 வெள்ளி. 3,000 டாலர் கணினி ஒன்று பிப்ரவரியில் 14,400 வெள்ளி. செப்டம்பரில் 12,360 வெள்ளி. கணினி மாறவில்லை, 2,040 வெள்ளி மாறிவிட்டது. அந்த ஆண்டு பொறுத்தவருக்கு லாபம். வெள்ளி சரியும் ஆண்டில் பொறுத்தவருக்கு நட்டம். முன்கூட்டியே யாராலும் உறுதி சொல்ல முடியாது.

பொறுக்கவே கூடாத நேரமும் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் சிறிது கால அவகாசம். மாமாவின் ஏழு வயதுக் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காமல் போனால், வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை நகலும் பிளானும் உள்ள அந்தப் பெட்டியை இணையத்தோடு இணைத்து வைத்திருப்பதே ஆபத்து. அப்போது காத்திருப்பின் விலையை மணி நேரத்தில் அளக்க முடியாது.

மூன்றாவது வழி

வாங்குவதா, பொறுப்பதா என்ற இரண்டு வழிதான் உண்டு என்று நினைக்க வேண்டாம். பழைய கணினி ஏன் மெதுவாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வேலை ஓடும்போது விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். நினைவகம் முழுவதும் நிரம்பி நிற்கிறதா? அப்படியானால் கணினி இடம் போதாமல் தரவை வட்டுக்கும் நினைவகத்துக்கும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருக்கிறது. சில நூறு வெள்ளியில் நினைவகம் கூட்டினால் தெளிவான மாற்றம் தெரியும். பிராசசர்தான் நூறு விழுக்காட்டில் நிற்கிறதா? அப்படியானால் நினைவகம் கூட்டிப் பயனில்லை.

நினைவகம் கூட்டியதால் மாமாவின் 3 மணி இரண்டரை மணி ஆகிறது என்று வைப்போம். இப்போது ஒன்பது மாதம் காத்திருந்தால்: 9 × 25 × 2.5 = 562.5, அதோடு 1,593.75 சேர்த்தால் 2,156.25. தாமதம் ஏற்பட்டாலும், இன்றே வாங்குவதைவிட 93.75 மணி குறைவு. ஒரு சின்னப் பழுதுபார்ப்பு, காத்திருப்பை நட்டத்திலிருந்து காப்பாற்றிவிட்டது.

மாமாவிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஆகவே, மாமாவுக்குப் பதில் சொல்லும் முன் இவற்றைக் கேளுங்கள்.

1. இன்றைய கணினியால் கைவிட்டுப் போகும் வேலை ஏதாவது இருக்கிறதா? ஒரு வாடிக்கையாளர் போய்விட்டால், ஆறு மாதம் கழித்து அவர் திரும்பி வரமாட்டார்.

2. நாளில் எத்தனை மணி நேரம் கணினிக்காகக் காத்திருக்கிறீர்கள்? ஊகம் வேண்டாம். ஒரு வாரம் கடிகாரம் பார்த்து எழுதி வையுங்கள்.

3. வரப்போகும் மாடலுக்குத் தேதியும் விலையும் உறுதியாக அறிவித்துவிட்டார்களா, அல்லது வெறும் பேச்சுத்தானா? மூன்று மாதம் தள்ளிப்போனாலும் கணக்கு நிற்கிறதா?

4. உங்கள் மென்பொருள் அந்தப் புதிய மாடலில் முதல் நாளே ஓடுமா? சான்று வரவும் ஆரம்பக் கோளாறுகள் சரியாகவும் சில மாதம் ஆகலாம்.

5. புதியது வந்தவுடன் இன்றைய மாடலின் விலை இறங்கினால், அதையே வாங்குவீர்களா? ஆம் என்றால், நீங்கள் காத்திருப்பது புதிய கணினிக்காக அல்ல, தள்ளுபடிக்காக. அந்தத் தள்ளுபடி காத்திருக்கும் மணி நேரங்களின் மதிப்பைவிடக் கூடுதலாக இருக்குமா?

தோட்டம் கண்ட தீர்வு

பால்மரத்துக்கு வருவோம். தோட்ட நிர்வாகிகள் முழுத் தோட்டத்தையும் ஒரே ஆண்டில் வெட்டிச் சாய்ப்பதில்லை. தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆண்டுக்குச் சிறிது வீதம் மறுநடவு செய்வார்கள். ஒரு பகுதியில் கன்று வளரும். மற்றப் பகுதிகளில் பால் வந்துகொண்டிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டில் கிடைக்கும் நல்ல ரகத்தை நடலாம். எந்த ரகத்தைத் தவறவிட்டோம் என்ற கவலைக்கு அங்கே இடம் குறைவு. உற்பத்தியும் நிற்பதில்லை.

நான்கு கணினி உள்ள அலுவலகம் இதையே செய்யலாம். ஆண்டுக்கு ஒன்று மாற்றினால், எப்போதும் ஒன்று புதிதாக இருக்கும். கடினமான வேலை அதற்கு. கடிதம், கணக்கு போன்ற எளிய வேலை பழையவற்றுக்கு. ஒரே கணினி உள்ள மாமாவுக்கு இந்த வசதி இல்லை. ஆனால் பழைய கணினியை உடனே விற்றுவிடாமல், இணையத்திலிருந்து துண்டித்து, இரவு நேரப் படவேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் முயன்று பாருங்கள்: உங்கள் வீட்டிலோ உறவினர் கடையிலோ உள்ள ஒரு கணினியை எடுத்துக்கொண்டு, ஒரு வாரக் காத்திருப்பு நேரத்தைக் குறித்து வையுங்கள். மேலே உள்ள கணக்கில் 3, 1.5, 1.25 என்ற எண்களுக்குப் பதிலாக உங்கள் எண்களைப் போடுங்கள். பிறகு ஆறு மாதம் என்பதை ஒன்பது, பன்னிரண்டு என மாற்றிப் பாருங்கள். எந்த மாதத்தில் விடை புரளுகிறது? படிவம் ஐந்து முடித்துக் கல்லூரிக்கு மடிக்கணினி வாங்கும் நாளில், இதே தாளை நீங்களே மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.